கடைசிச் சொல்லுக்கு ஒரு ஆள்

தாயி,

இன்று காலை மருமகள் அவலை நனைத்து, தேங்காய் துருவி, ஏலக்காய் தட்டிப் போட்டாள். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட டிபனுக்கு. அவளுக்கு அது வெறும் இனிப்பு அவல். வாசனை கூடத்துக்கு வந்ததும், ராமச்சந்திராபுரத்து கம்பெனி குவார்ட்டர்ஸில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் லாலாகுடாவில் உங்கள் சமையலறை வாசலில் நின்றேன். நீங்கள் பெரிய தாம்பாளத்தில் அவலும் தேங்காயும் பழமுமாக மலிதா கலந்துகொண்டிருந்தீர்கள். எலியா தீர்க்கதரிசியின் பேரைச் சொல்லி ஜெபம் முடிகிறவரை யாரும் கை வைக்கக்கூடாது என்று என் சின்னவனை முறைத்தீர்கள். அவன் அதற்குள் ஒரு வாழைப்பழத் துண்டை வாயில் போட்டிருந்தான்.

உங்கள் மகனின் கடிதம் நேற்று வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம்; ஒரு மாதம் ஆகப்போகிறதாம். படித்தேன், மடித்தேன், வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்று, இந்த வாரமாவது மண்ணெண்ணெய் வருமா என்று முன்னால் நின்ற அம்மாளோடு பேசினேன். இரவு நன்றாகவே தூங்கினேன். மரத்துப்போன காலைக் கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன். அழுகை வரும் என்று காத்திருப்பதும் ஒரு வேலைபோல் ஆகிவிட்டது. அது வராவிட்டாலும் போகட்டும், உங்களோடு பேசிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நமக்கு நடுவே இருந்தது ஒரே சுவர். நீங்கள் அம்மி அரைத்தால் என் அலமாரித் தட்டுகள் ஆடும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். கல்யாணமான கையோடு சிகந்தராபாத்துக்கு வந்தவள். நீங்கள் கொங்கண் கடற்கரைக்காரர், மராத்தி பேசுகிறவர். கழுத்தில் கருகமணி, மூக்கில் நத்து, கட்டியிருப்பது நூல் புடவை. பார்த்தவுடன் மராட்டிக்காரி என்று முடிவுகட்டிவிட்டேன். மராத்தியில் அக்காவுக்குத் தாயி என்று நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இன்னும் பெரிய பொருள் உண்டு. அக்காவின் புருஷனுக்குப் பாவோஜி என்றீர்கள். அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் விளக்கு எரியும். மறுநாள் முழுக்க அடுப்பு எரியாது. மீன்காரி வந்தால் செதிள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குவீர்கள். கெளுத்தியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். எனக்கு இதெல்லாம் ஏதோ விரதமாகப் பட்டது. விஷயத்தைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்தான். ஒர்க்‌ஷாப்பில் பாவோஜியும் அவரும் ஒரே ஷெட். ஒருநாள் சைக்கிளை நிறுத்தக்கூட நிதானமில்லாமல் உள்ளே வந்தார். மோசேயை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் முகம்போல் இருந்தது அவர் முகம்.

"ஏ ரூபி, நம்ம செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு தெரியுமா? ஆபிரகாமோட சந்ததி."

நான் அடுப்பில் இருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டே, அவங்களுக்குத்தான் காலையில் நம் வீட்டு உரலைக் கொடுத்தேன் என்றேன். அவருக்கு என்மேல் அன்று வந்த வருத்தம் லேசில் போகவில்லை.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? சபையில் மூப்பர். வீட்டு ஜெபக்கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் ஒரே விஷயம்தான். எகிப்து போயிற்று, பாபிலோன் போயிற்று, ரோமாபுரி போயிற்று. பார்வோனும் ஆமானும் ஹிட்லரும் மண்ணாய்ப் போனார்கள். யூதர் மட்டும் இருக்கிறார்கள். ஏன்? கடவுள் செய்த உடன்படிக்கை. இரண்டாயிரம் வருஷம் நாடு இல்லை, ராஜா இல்லை, படை இல்லை, இருந்தும் கரைந்துபோகாத ஜனம். வேறு அத்தாட்சி எதற்கு என்று கேட்பார். பல வருஷம் புத்தகத்தைக் காட்டிப் பேசியவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கமே அத்தாட்சி குடியிருந்தால் கையும் ஓடுமா, காலும் ஓடுமா? வெள்ளிக்கிழமைகளில் சபைக்காரர் யாரையாவது உலாத்தக் கூட்டிவருவதுபோல் உங்கள் ஜன்னல் பக்கமாக அழைத்துப்போவார். நீங்கள் கவனித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு திரையைச் சற்று விலக்கியே வைத்தீர்கள். பாவம், அவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள் என்றீர்கள்.

சபையின் வருடாந்திரக் கூட்டத்துக்கு உங்களை அழைத்தது நினைவிருக்கிறதா? மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஜனங்கள் எதிர்பார்த்தது வேறு. ஞாயிறு பள்ளிப் படங்களில் இருப்பதுபோல் நீண்ட அங்கியும் முக்காடுமாக யாரோ வருவார்கள் என்று நினைத்தவர்கள்முன், மாரெட்பள்ளிக் கடையில் வாங்கிய நீலப் புடவையோடு நம் தெருப் பெண்பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முழுக்க ஒரு சின்ன ஏமாற்றம் பரவியது எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் ஒரு கிழவி உங்கள் கையைத் தடவி, நிசமாவே அந்த யூதர்தானா என்று கேட்டாள். "ஹவ் அம்மா, அதே யூதர்தான்" என்று சிரித்தீர்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேசினீர்கள். குவார்ட்டர்ஸ் பெண்களிடம் நீங்கள் பொறுக்கிய தமிழ் அது; அதில் தக்கினி உருது ஊறுகாய்போல் ஓரத்தில் இருக்கும்.

"என் தங்கச்சி அந்த யூத தேசத்துக்குப் போயிருக்கா ரூபி. அவ பொண்ணு கல்யாணத்துக்கு, நீங்க அசல் யூதர்தானான்னு ஆபீஸ்ல கேக்குறாங்களாம். இங்க உங்க சர்ச்ல எனக்கு மேடையில நாற்காலி. கைக்கு, ஏன் இப்படி?"

அதே மூச்சில், இட்லி நன்றாக இருந்தது, நாற்காலியில்தான் மூட்டைப்பூச்சி என்றீர்கள்.

உங்கள் முன்னோர் கதையையும் மலிதா கலக்கிற ஒருநாள்தான் சொன்னீர்கள். எந்தக் காலத்திலோ கொங்கண் கரையில் கப்பல் உடைந்தது, ஒதுங்கியவர்கள் சில குடும்பம். புத்தகம் கடலோடு போயிற்று. பாஷை மறந்தது. பண்டிகைகள் எப்போது வரும் என்பதும் மறந்தது. செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களுக்குச் சனிக்கிழமைச் செக்கார் என்றே பேர் வைத்தார்கள். தாங்கள் யார் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாத காலத்திலும் அந்த ஒருநாள் ஓய்வு மட்டும் கைவிட்டுப் போகவில்லை. இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் கண் கலங்கி, கர்த்தர் எப்படிக் காப்பாற்றியிருக்கிறார் பாருங்கள் என்றார். நீங்கள் தேங்காய்த் துருவலை அளைந்துகொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"வாக்கு குடுத்தவரு கடவுள், சரி. சனிக்கிழமை பசியோட வர்ற புருஷனுக்கு ஆறின சோறு போட்டது நாங்க."

பாவோஜி தலையாட்டிச் சிரித்தார். அவருக்குத்தானே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் போன குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் நாம் இருவரும் தண்டவாளத்தைத் தாண்டிக் கூட்டிவந்தோம். எல்லாரும் வந்துவிட்டார்களா என்று நான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். ஆளை எண்ணக்கூடாது, நக்கோ என்றீர்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக விரல் நீட்டி, எனக்குப் புரியாத பாஷையில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள். பத்துச் சொல் உள்ள வசனம். ஓஷியா என்று தொடங்கும். ஓலாம் என்று முடியும். உம்முடைய ஜனத்தைக் காப்பாற்றும், அவர்களைச் சுமந்துகொள்ளும், என்றென்றைக்கும் என்பதுபோல் அர்த்தம். கடைசிச் சொல்தான் அந்த என்றென்றைக்கும். தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அதற்கும் இப்படித்தான் பார்ப்போம் என்றீர்கள். தாவீது ராஜா ஜனத்தை எண்ணித் தொகையிட்டுக் கடவுளின் கோபத்துக்கு ஆளானதை நாங்களும் படித்திருக்கிறோம். இருந்தும் எங்களில் யாருக்கும் இப்படி ஒரு வழி தோன்றவில்லை. பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். தொட்டுப்பிடிக்கும் ஆட்டத்தில் ஓலாம் யார்மேல் விழுகிறதோ அவன்தான் பிடிக்கவேண்டும். என் பெரியவன் இன்று ஃபேக்டரியில் எஞ்சினியர். அவனுக்கு அந்தப் பத்துச் சொல்லும் தெரியும், அது வேதவசனம் என்பதுதான் தெரியாது.

பாவோஜி போனது ஒரு வியாழக்கிழமை காலை. ஒர்க்‌ஷாப்பில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். என் வீட்டுக்காரர்தான் தாங்கிப்பிடித்தார். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் அழவில்லை. கண்ணாடிகளைத் துணியால் மூடினீர்கள், தண்ணீர்ப் பானைகளைக் கவிழ்த்தீர்கள். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள். அடக்கத்தில் மகன் சொல்லவேண்டிய ஒரு ஜெபம் உண்டு. உங்கள் ஜனத்து ஆண்கள் பத்துப் பேர் நின்றால்தான் அதைச் சொல்லமுடியும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடக்கம் நடந்துவிடவேண்டும். இந்த ஊரில் தெரிந்தவர்கள் உங்கள் மகனோடு சேர்த்து மூன்றே பேர். மற்றவர்களை எப்படியாவது வரவழைக்க முடியுமா?

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்து தண்டவாளம் போகிற வழியெல்லாம் கன்ட்ரோல் போன் உண்டு. வண்டி எங்கே, சிக்னல் என்ன என்று கேட்கிற போன் அது. அன்று அதில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக வேறொரு கேள்வி போயிற்று. உங்களிடத்தில் யூதர் யாராவது வேலை பார்க்கிறார்களா? அப்படியென்றால் என்ன டிபார்ட்மென்ட் என்று திருப்பிக் கேட்டார்களாம் சில இடங்களில். ஆனால் வாடி, குல்பர்கா, சோலாப்பூர், காஜிபேட் என்று ஒவ்வொரு இடமாகப் பதில் வந்தது. இங்கே ஒரு டிக்கெட் பரிசோதகர் இருக்கிறார், அங்கே ஓய்வுபெற்ற ஒரு ரயில் கார்டு, இன்னோர் இடத்தில் லோகோ ஷெட்டில் ஒருவர். கன்ட்ரோலர் ஒரு தெலுங்கு பிராமணர். தன் டூட்டி முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை என்றார் என் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர், இருவர். பாவோஜியை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுத் தூக்கோடும் பச்சை, சிவப்புக் கொடி திணித்த பையோடும் வந்து, செருப்பைக் கழற்றி, தலையில் குல்லாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் டீ கொடுத்தேன். துக்க வீட்டில் இப்படி நினைக்கலாமோ என்னவோ, ஆனால் என் வீட்டுக்காரர் வருஷக்கணக்காகச் செய்த பிரசங்கம் எனக்கு அன்றுதான் புரிந்தது. அது ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் ஒன்பது பேர். வாடியிலிருந்து ஒரு டிரைவர் கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்திருந்தது. அவர் ஏறின வண்டிதான் தாமதம். கல்லறைத் தோட்டத்தின் மூலையில் உங்களவர்களுக்கென்று விட்டிருந்த இடத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெண்கள் நாம் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றோம். வேப்பமர நிழல் நீண்டு மதில்மேல் ஏறியது. யாரும் கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் அதைச் செய்தார். அவரோடு சபையிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை. வரும்போதே அவர்களிடம், ஆள் குறைந்தால் நாம் நிற்போம், நாமும் விசுவாசத்தினாலே ஆபிரகாமின் பிள்ளைகள்தானே என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார். வேறு எந்த ஜனத்துக்கும் இப்படி ஒரு யோசனை வராது, தாயி. எங்களுக்குத்தான் வரும். சின்ன வயதிலிருந்து உங்கள் முற்பிதாக்களின் கதையையே எங்கள் வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். ஈசாக்கும் யாக்கோபும் எங்களுக்குச் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. அவர் கைக்குட்டையை நாலு மூலையிலும் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து, அந்த வளையத்தின் கடைசியில் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். அவர் உள்ளத்தில் பெருமை இருந்திருக்காது. செத்துப்போன சிநேகிதனுக்கு ஒரு ஆள் குறைகிறது, அவ்வளவுதான்.

அந்த ஓய்வுபெற்ற கார்டு, நரைத்த மீசைக்காரர், விரலை நீட்டித் தொடங்கினார். ஓஷியா என்று உங்கள் மகனைக் காட்டினார். ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு ஆளாக, விரல் சுற்றி வந்தது. ஒன்பதாவது ஆளோடு ஒன்பது சொல் முடிந்தது. விரல் என் வீட்டுக்காரருக்கு முன்னால் வந்து நின்றது. ஓலாம் என்று சொல்லக் கார்டு வாய் திறக்கவில்லை. விரலை மடக்கினார். இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டார்.

"மாஃப் கரோ பாய்," என்றார். மன்னித்துக்கொள் சகோதரா, அவ்வளவுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் புரிந்துகொண்டு பின்னால் வந்துவிட்டார். கைக்குட்டையை எடுக்க மறந்து, அது தலையிலேயே இருந்தது. சொல்லமுடிந்த ஜெபங்களைச் சொல்லிப் பாவோஜியை அடக்கம் செய்தார்கள். அந்த ஒரு ஜெபம் மட்டும் சொல்லப்படவில்லை. உங்கள் மகன் அதைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டே மண்ணைத் தள்ளினான். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். வலித்தது, நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய பிறகு வாசலில் நிழல் தட்டியது. வாடிக்காரர். ஸ்டீம் எஞ்சின் கரி முகத்திலும் காக்கிச் சட்டையிலும் அப்படியே இருந்தது. வீட்டிலாவது சொல்லிவிடலாம், இப்போது பத்துப் பேர் ஆயிற்றே என்று உங்கள் மகன் எழுந்தான். ஆனால் டிக்கெட் பரிசோதகர் இரவு டூட்டி என்று சற்று முன்தான் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். வந்தவர் வந்தார், போனவர் போனார், ஒன்பது ஒன்பதாகவே நின்றது. கார்டு விரலைத் தூக்கவே இல்லை. வாடிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத மனிதருக்காகக் குலுங்கி அழுதார். நீங்கள்தான் அவருக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்துச் சாப்பாடு போட்டீர்கள். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது, அந்த விரல் என்னைத் தாண்டிப் போயிருந்தால்கூட வருத்தமில்லை ரூபி, என் முன்னால் வந்து நின்று யோசித்ததே என்றார். அது மரியாதை என்று நான் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பிரசங்கத்தைச் செய்யவில்லை. கேட்டவர்களிடம், இன்னும் கொஞ்சம் படிக்கவேண்டியிருக்கிறது என்றார்.

நீங்கள் பேசியது பல வாரம் கழித்து. முற்றத்தில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் கையை வைத்து நின்று, வானிலையைச் சொல்வதுபோல் சொன்னீர்கள்.

"உன் வீட்டுக்காரர் சொன்னது நிஜம்தான் ரூபி. ஜனம் இருக்கும். என்றென்றைக்கும் இருக்கும். ஆனா அன்னைக்கு அந்த வார்த்தைக்கு ஒரு ஆள் இல்லாம போச்சு."

உங்கள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடவுளைத் திட்டியிருந்தால் நானும் கூடவே இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். நீங்கள் கொடியில் நழுவியிருந்த என் புடவையை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டியிருந்தது. அப்பாவின் வேலையை மகனுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவன் வேண்டாம் என்றான். ஆள் குறையுமா என்று பார்க்கவேண்டியிராத ஊருக்கு, சித்தியிடம் போகிறேன் ஆன்ட்டி என்று என்னிடம் சொன்னான். அவன் நியாயம் அவனுக்கு. உங்களுக்குப் போக மனமில்லை என்பது எனக்குத் தெரியும். பாவோஜியைத் தனியாக விட்டுப்போகிறோமே என்பதுதான் உங்களை அரித்தது. ஸ்டேஷனில் பம்பாய் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தீர்கள்.

"எப்பவாவது அவர்கிட்ட போய் நில்லு. ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நின்னா போதும்."

ஹவ் தாயி என்றேன். வண்டி நகர்ந்தது. அப்போதும் நான் அழவில்லை, நீங்களும் அழவில்லை. நாம் இரண்டு பேரும் அழுகையை எதற்காக இப்படிச் சேர்த்துவைத்தோமோ.

என் வீட்டுக்காரர் இருந்தவரை மாதத்துக்கொருதரம் இருவருமாகப் போனோம். அவர் புல் பிடுங்குவார். நான் கல்லைத் துடைப்பேன். அவரும் போனபின் மகனோடு இங்கே வந்துவிட்டேன். ராமச்சந்திராபுரம் எங்கே, லாலாகுடா எங்கே? முட்டியும் வலி. போவது குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. நேற்று வந்த கடிதத்தில் உங்கள் மகன் எழுதியிருந்த ஒரு வரி: அம்மாவின் அடக்கத்துக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் அத்தனை பேர் வந்தார்கள் ஆன்ட்டி, யாரும் விரலை நீட்டவேண்டிய தேவையே வரவில்லை. நல்லது. உங்களுக்கு அந்த ஜெபம் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை. பாவோஜிக்கு யார் சொல்வது என்றுதான் தோன்றியது.

அதனால் இன்று அவலைச் சாப்பிட்டுவிட்டு, மருமகளிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே பாட்டி என்று பேரன் தெலுங்கில் கேட்டான். ஒருத்தரைப் பார்க்க என்றேன். சிகந்தராபாத்தில் மாறி லாலாகுடாவில் இறங்கினேன். கல்லறைத் தோட்டத்தின் காவல்காரர் புது ஆள். மதிலோர மூலையைக் காட்டினால், அங்கே யாரும் வரமாட்டார்களே என்றார். வேப்பமரம் அப்படியே இருக்கிறது. கல்லில் எழுத்து மங்கியிருக்கிறது. புல்லைக் கொஞ்சம் பிடுங்கினேன், குனிய முடிந்தவரை. நீங்கள் போய்விட்டதைப் பாவோஜியிடம் சொன்னேன். நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றிருந்தீர்கள். இதைச் சொல்லாமல் எப்படி?

பிறகு, அன்று என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் போய் நின்றேன். வளையம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்கவில்லை. விரலை நீட்டினேன். ஓஷியா என்று உங்கள் மகன் நின்ற இடத்தைக் காட்டினேன். பிறகு கார்டு, அவர் பக்கத்தில் டிக்கெட் பரிசோதகர், லோகோ ஷெட்காரர். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். என் வாயில் அது பிள்ளைகளின் விளையாட்டு ராகத்தில்தான் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்பது சொல்லும் ஒன்பது இடத்தில் இறங்கின.

கடைசிச் சொல் மிஞ்சியது. விரல் சுற்றிவந்து என் பக்கம் திரும்பியது. நான் பெண். உங்கள் ஜனமும் இல்லை. இது கணக்கில் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும், தாயி. பொழுது மதிலுக்குப் பின்னால் இறங்கும்வரை, நீங்கள் கேட்டபடி, அங்கேயே சும்மா நின்றேன்.